உதடு ஒட்டவில்லை

தேவியின் உதடு ஒட்டவே இல்லை.

ஜீவானந்தம் அந்த ஒற்றைச் சொல்லை இரண்டு பிரேம் முன்னால் தள்ளிப் பார்த்தான். பின்னால் இழுத்துப் பார்த்தான். ‘அம்மா’ என்று ஸ்பீக்கர் கூப்பிடுகிறது. திரையில் தேவி வாயை மூடாமலே பேசுகிறாள்.

பழைய கேமராவாக இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இது எச்டி. அவள் மூக்குத்தியில் ஒட்டியிருந்த சந்தனம் வரைக்கும் தெரிந்து தொலைத்தது.

அவனுடைய வீடியோ கடைக்கு வெளியே பெஞ்சில் மங்கம்மாள் காத்திருந்தாள். தேவியைப் பெற்றவள். நெல்லிவாசலில் விடியற்காலம் கிளம்பி, பாதி தூரம் நடையும் பாதி தூரம் ஜீப்புமாகப் புதூர்நாடு வந்து சேர்ந்திருந்தாள்.

வளைகாப்பு முடிந்த ஒன்றரை மாதத்தில், பிரசவத்தில் தேவி போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை.

“வளையல் போடறப்ப அடுப்படியப் பாத்து என்னியக் கூப்புட்டாளாம். நான் சோறு வடிச்சிட்டிருந்தேன், போவல. வூட்ல டிஸ்க் போட்டு அந்த ஒரு எடம் கேட்டா போதுங்க,” என்று போன வாரம் வந்து சொன்னாள்.

அந்த இடம் படத்தில் இருந்தது. குரல்தான் இல்லை.

விசேஷ வீட்டு வீடியோ என்றால் பேச்சு, இருமல், பாத்திரச் சத்தம் எல்லாவற்றையும் மொத்தமாக அழித்துவிட்டு மேலே பாட்டை ஏற்றிவிடுவான் ஜீவானந்தம். அப்படித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். ஒருவர்கூட இதுவரை குறை சொன்னதில்லை. மெமரி கார்டையும் வளைகாப்புக்கு மறுநாளே ஒரு காதுகுத்துக்காகத் துடைத்தாயிற்று.

அதை அந்த அம்மாளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அடுத்த வாரம் வாங்க என்று அனுப்பிவிட்டான்.

இன்று காலை, மனைவி அருணாவை மைக்கின் முன்னால் உட்காரவைத்தான். அவளுக்கும் தேவி வயதுதான். “பாவங்க இது,” என்றாள். பிறகு ஒரே ஒரு தரம் ‘அம்மா’ என்று கூப்பிட்டாள். அவன் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டாள்.

உதடு ஒட்டாதது ஒட்டாததாகவே இருக்கட்டும் என்று அதன்மேல் மேளச் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி, டிஸ்க்கில் பதியவிட்டான். கடைசி சதவீதம் ஓடி முடிவதற்குள் அவனுக்கு வேர்த்துவிட்டது.

மங்கம்மாளை உள்ளே கூப்பிட்டு, கடை டிவியில் போட்டுக் காட்டினான்.

வளையல் தட்டு. மஞ்சள் பூசிய கன்னம். தேவி அடுப்படிப் பக்கம் திரும்பினாள். மேளத்துக்கு நடுவே அந்தச் சொல் வந்தது.

மங்கம்மாள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மாட்டிக்கொண்டோம் என்று ஜீவானந்தம் ரிமோட்டைத் தேடினான்.

“இன்னொரு வாட்டி போடுங்க.”

போட்டான். அவன் திரையைப் பார்க்கவில்லை.

“எந் தம்பிங்க கூப்புடறதப் பாத்து, சின்னதுலேந்து அவளும் என்னிய அக்கான்னுதாங்க கூப்புடுவா,” என்றாள் மங்கம்மாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஒரு நாளாச்சும் அம்மான்னு கூப்புடுவாளான்னு எவ்ளோ ஏங்கியிருக்கேன். அன்னிக்குக் கூப்புட்டிருக்கா பாருங்க. எனக்குத்தான் கேக்கல.”