தலையணை தடிமனில் எச்சரிக்கை

ஜன்னல் இல்லாத அறை. குழல்விளக்குக்குக் கீழே விமானி குனிந்து உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் துணை விமானி. முன்னால் இன்றைய பயணத்துக்கான எச்சரிக்கைக் குறிப்புகள், தலையணை தடிமனில். இவர்கள் இறங்கவே போகாத ஏதோ ஒரு விமான நிலையத்தில் புல் வெட்டுகிறார்கள். எங்கோ ஒரு கிரேனின் உச்சியில் விளக்கு எரியவில்லை. பறவைகள் வரலாம், ஜாக்கிரதை. முக்கியமானதை மட்டும் மஞ்சள் மையால் தீட்டத்தான் ஆரம்பித்தார். எதை விட்டாலும் நாளைக்கு ஏன் விட்டாய் என்று கேட்பார்களே! இப்போது பக்கமெல்லாம் மஞ்சள். மூலையில் பிரின்டர் இன்னும் துப்பிக்கொண்டிருக்கிறது. "நாம இறங்குற ஓடுபாதையில பாதிய மூடிட்டாங்கன்னு படிச்சேனே, அது எந்தத் தாள்ல இருக்கு?" "நீங்கதானே சார் மஞ்சள் அடிச்சு வச்சீங்க," என்கிறாள் துணை விமானி. அவர் புரட்டுகிறார். விரல் நுனியெல்லாம் மஞ்சள். வெளியே இவர்களை ஏற்றிப்போக வந்த பஸ் உறுமுகிறது. "எல்லாம் படிச்சாச்சுன்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க சார், நேரமாச்சு," என்று அலுவலர் ஒரு தாளை நீட்டுகிறார். விமானி அதை வாங்கி மேசையில் வைக்கிறார். அவர் கை, முதல் வரியிலிருந்து, அதையும் மஞ்சளால் தீட்ட ஆரம்பிக்கிறது.