நீங்க முதல்ல!

மின்சாரக் கார்களுக்கு அங்கே இருந்ததே ஒரு சார்ஜர். வரிசையில் முதல் ஆளாக நின்றவர், காரை ஓரங்கட்டிவிட்டுப் பின்னால் இருந்த டாக்ஸிக்காரரிடம் சொன்னார்: "உங்களுக்குப் பொழப்பாச்சே, நீங்க முதல்ல போடுங்க."

அடுத்து பல் டாக்டருக்கு வழிவிட்டார். அதற்கடுத்து டியூஷன் டீச்சருக்கு. "போங்கம்மா, பசங்க காத்திருப்பாங்க. எனக்கென்ன அவசரம்?"

டீச்சர் உருகிப்போய்க் கணவனுக்கு போன் போட்டாள். "இங்க ஒரு தங்கமான மனுஷன் இருக்கார்! நீங்களும் இருக்கீங்களே, லிஃப்ட்ல கூட என்னை முந்திக்கிட்டு ஏறுவீங்க."

சார்ஜ் ஏறியதும் நன்றி சொல்ல அவர் காரருகே போனாள். சீட்டைச் சாய்த்துப் படுத்தபடி, மனைவியோடு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார் அந்தத் தங்கமான மனிதர்.

"எங்கங்க இருக்கீங்க? என் தம்பி வீடு மாத்துறான். பீரோ தூக்க ஆளில்லாம நிக்கிறான்!"

"நான் என்னடி பண்றது? வண்டியில சொட்டு சார்ஜ் இல்ல. வர்றவனெல்லாம் குறுக்க பூந்து போட்டுக்கிறான். இப்பக்கூட ஒரு பொம்பளை, மட்டு மரியாதை இல்லாம..."

அவருக்கு எதிரே திரையில் பேட்டரி தொண்ணூற்றாறு சதவீதம் காட்டியது. டீச்சர் திறந்திருந்த ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள்.

"அக்கா! சார் வண்டியில தொண்ணூத்தாறு இருக்கு. பீரோ தூக்கத் தாராளமாப் போதும்!"