எழுபது கிராம்

"கொக்கரக்கோ...!"

பகல் பன்னிரண்டு மணிக்கு எர்ணாவூர் ரோடு முழுக்கக் கேட்டது. வரிசையில் நின்ற கன்டெய்னர் லாரி டிரைவர் ஒருவர், தலையை நீட்டிப் பார்த்தார்.

கிறிஸ்தவக் கோயில் வளாகத்தில் அறுப்பின் பண்டிகை ஏலம். ஆராதனை முடிந்து, ஜனங்கள் காணிக்கையாக வைத்த பொருள்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தான் ஜெனிஷ். சேவலைத் தூக்கி மைக்குக்கு நேராகப் பிடித்திருந்தான்.

"என்னா குரல் பாத்தீங்களா! நம்ம பாடகர் குழுவுல பாதிப் பேருக்கு இந்தச் சுதி வராது! எண்ணூறு... ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!"

ஒரே சிரிப்பு. சேவல் யாருடைய பைக்குள்ளோ போனது.

அடுத்து மேஜையிலிருந்து எடுத்தது, பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு கிலோ எடைக்கல்.

"இத எந்த மகராசன் வச்சதுன்னு தெரியல. ஆரம்ப விலை அம்பது!"

"இரு நைனா, பாத்துக்கினு கேக்கறேன்."

வாசலில் கருவாடு விற்கும் பட்டம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். கல்லை வாங்கி உள்ளங்கையில் ஏற்றி இறக்கினாள். அடிப்பக்கம் விரலால் தடவினாள்.

"நூறு ரூபா! எங்கல்லு காணாப் பூட்ச்சி. இது எனுக்கு வோணும்."

"எரநூறு."

முன்வரிசையிலிருந்து வந்தது குரல். அரிசிக்கடை தேவப்பிரியம் அண்ணாச்சி. சபைக் கமிட்டியில் இருப்பவர். காலையில் வேதபாடம் வாசித்ததும் அவர்தான்.

"முந்நூறு!" என்றாள் பட்டம்மாள்.

"ஐந்நூறு."

"அறுநூறு!"

"ஆயிரம்."

கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. நாற்காலி மேல் ஏறியவர்களும் உண்டு.

"விடாத பட்டம்மா!"

"அண்ணாச்சி, அது ஏழைப் பொம்பள. உட்டுக் குடேன்!"

பட்டம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "இன்னா அண்ணாச்சி, உன் கடையில எலக்ட்ரானிக் தராசு கீது. இந்த இரும்புத் துண்டுக்கா என்னோட மல்லுக்கு நிக்கிற?"

அண்ணாச்சி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பக்கத்திலிருந்த அவர் மனைவி அன்னபாக்கியம் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நம்ம குடோன்ல சும்மா கெடந்த கல்லுதான? நான்தான் காணிக்கையா வச்சேன். நம்ம வச்சத நம்மளே ஏலம் எடுக்கியளே, கிறுக்கு புடிச்சிட்டா?"

"நீ சும்மா இரி."

"ஆயிரத்தி நூறு!" பட்டம்மாள் சுருக்குப் பையை அவிழ்த்தே விட்டாள்.

"ஐயாயிரம்."

பட்டம்மாள் பையை இறுக்கிக் கட்டினாள். "த்தூ! கோயில்ல வந்து காசு திமிரக் காட்றான் பாரு."

"ஐயாயிரம் ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!" ஜெனிஷின் குரல் உச்சத்துக்குப் போனது. "அம்பது ரூபாய்க் கல்லுக்கு ஐயாயிரம்! ஆண்டவருக்குன்னா எப்படி அள்ளிக் கொடுக்கிறார் பாருங்க! அண்ணாச்சிக்கு எல்லாரும் பலமா ஒரு கை தட்டுங்க!"

தட்டினார்கள். அண்ணாச்சி கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக வாசலை நோக்கி நடந்தார். பாதி தூரம் போயிருப்பார். யாருடைய பைக்குள்ளிருந்தோ சேவல் கூவியது.

நின்றார். திரும்பி வந்து மைக்கை வாங்கினார்.

"கை தட்டாதிய."

கைதட்டல் இன்னும் ஓயவில்லை.

"தட்டாதியன்னு சொல்லுதேன்லா! இது எங்கடைக் கல்லு. அடியில ஈயத்தத் தோண்டி எடுத்தது நான்தான். கிலோவுக்கு எழுபது கிராம் கம்மி. எலக்ட்ரானிக் தராசு வாங்குத வரைக்கும், பதினோரு வருசமா உங்க எல்லாருக்கும் இதுலதான் அரிசி போட்டேன். பட்டம்மா, ஒனக்கும்தான்."

அன்னபாக்கியம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது இன்னொருத்தர் தராசுல ஏறிரக் கூடாதுன்னுதான் ஏலம் கேட்டேன். வாங்கிட்டுப் போயி யாருக்கும் தெரியாம கடல்ல போட்டுருப்பேன். அதுக்குள்ள நீங்க கை தட்டிட்டிய." கல்லை மேஜைமேல் வைத்தார். "அதத்தான் தாங்க முடியல."

ஜனங்கள் பட்டம்மாளைப் பார்த்தார்கள். அவள் என்ன செய்வாளோ என்று எல்லோருக்கும் பதைப்பு.

அவள் நேராக அண்ணாச்சியிடம் வந்தாள்.

"எனுக்குத் தெரியும். பச்சைப் பெயிண்ட்டப் பாத்து உங்கடைக் கல்லுன்னும், கைல தூக்குனப்பவே எடை கம்மின்னும் தெரிஞ்சிக்கினேன். உன் கடை வாசல்ல இத வெச்சி, தெருவே கூடற மாரி உன்ன நாறடிக்கலாம்னுதான் ஏலம் கேட்டேன்."

அண்ணாச்சி தலை குனிந்து நின்றார்.

"நீயே மைக்குல சொல்லிக்கினா நான் இன்னாத்தக் கத்துவேன்? சரியான பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ!"

சட்டென்று திரும்பி வாசலுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு பெண் காத்திருந்தாள்.

"அக்கா, ஒரு கிலோ நெத்திலிக் கருவாடு."

பட்டம்மாள் கூடைக்கு அடியில் கையை விட்டு, காணாமல் போனதாகச் சொன்ன தன் எடைக்கல்லை எடுத்தாள். அதன் அடியிலும் ஒரு பள்ளம் இருந்தது.

தராசில் வைத்தாள். கருவாட்டை அள்ளிப் போட்டாள். இரண்டு தட்டும் சமமாக நின்ற பிறகு, இன்னும் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டாள்.