டேங்குக்குள் ஒரு சத்தம்

"இவனெல்லாம் ஒரு மெக்கானிக்கு! அத்தனையும் புதுசா மாத்தியும் தள்ளித்தான் எடுக்க வேண்டியிருக்குது!"

பக்கத்து வீட்டுக் கண்ணாயி அக்காவின் பழைய காரைத் தள்ளிக்கொண்டே கத்தினார் ஊர்க்காரர் பொங்கியண்ணன். பக்கத்தில் மேனகாவும் தள்ளினாள். அவள் குழந்தை பின்சீட்டில் மிளகு மூட்டைமேல் சாய்ந்து சிரித்தது.

மேனகா அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து மலைக்கு வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் போர்வெல் லாரியோடு வடக்கே போனால் மழைக்காலத்தில்தான் திரும்புவான். அக்கம்பக்கம் போய்ப் பேசக் கூச்சம்.

"டீ குடிக்க வா கண்ணு" என்று அக்கா எத்தனையோ தடவை கூப்பிட்டாச்சு.

"வேலை கெடக்குதுங்க்கா" என்று நழுவிவிடுவாள்.

ஆனால் குளிரில் கார் முரண்டு பிடித்து, "மேனகா, ஒரு கை குடு சாமி!" என்று குரல் வந்தால் முதல் ஆளாக ஓடுவாள். சரிவு முடியும் இடத்து டீக்கடையில் எல்லோருக்கும் அக்கா டீ சொல்லுவாள். கேலியும் சிரிப்புமாகக் கொஞ்ச நேரம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால், மறுநாள்வரை அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

கொஞ்ச நாளைக்கு முன்பு, மூட்டையோடு மேடு ஏறும்போது கார் நின்றுவிடுகிறதென்று, பழைய கார்புரேட்டரைக் கழற்றி, பம்ப் வைத்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷனுக்கு மாற்ற வந்தான் மெக்கானிக் தனபால். மேனகா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டேங்கை இறக்கி உள்ளே பம்ப் வைத்தான். இன்ஜின்வரை அழுத்தம் தாங்கும் குழாய், நடுவில் ஃபில்டர், மிஞ்சும் பெட்ரோல் டேங்குக்கே திரும்ப இன்னொரு குழாய்.

"சாவியத் திருப்புனா பம்ப் 'ஙொய்'னு சத்தம் போடுமுங்க. அது கேட்டா எந்தக் குளுருக்கும் வண்டி எடுத்துக்கும். இனித் தள்ளுற சோலியே இல்லீங்க."

மறுநாள் கதவோரம் நின்று காது கொடுத்தாள். 'ஙொய்' வரவில்லை. அக்காவின் குரல்தான் வந்தது. அன்றிலிருந்து தினமும் அதே கதைதான்.

இன்று தள்ளும்போது பின்கண்ணாடி வழியே கவனித்தாள். பாதிச் சரிவில், ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அக்கா குனிந்து, சீட்டுக்கடியில் கையை விட்டாள்.

'ஙொய்...'

கார் சீறிக்கொண்டு கிளம்பியது.

டீக்கடையில் நின்றிருந்த தனபாலை ஆளாளுக்கு வறுத்தெடுத்தார்கள். அவன் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தான். அக்கா சோளக்காட்டுச் சந்தைக்குப் போய், மற்றவர்களும் கலைந்த பிறகு, குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மேனகா மெல்லக் கேட்டாள்.

"ஏனுங்ண்ணா, அந்த சீட்டுக்கடியில என்னங்க இருக்குது?"

தனபால் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"பாத்துட்டியா அம்மணி? பம்ப நிறுத்தி வெக்கிற சுவிச்சு. மாட்டுற அன்னிக்கே அக்கா கேட்டு வெச்சுக்கிட்டாங்க."

"எதுக்குங்க? உங்க பேரு கெடுதுங்களே?"

"கெட்டா கெட்டுட்டுப் போவுது..." டம்ளரைக் கீழே வைத்தான். "'டீ குடிக்கக் கூப்பிட்டா வராத புள்ள, வண்டி தள்ளக் கூப்பிட்டா ஓடி வருது தனபாலு'ன்னாங்க."