பெயரில்லாத கோடு

ஐந்து நண்பர்கள் சேர்ந்து ஆடும் அந்தக் கணினி விளையாட்டில் ஜோவெலின் எடுத்திருந்தது வாளும் வைத்தியமும் சேர்ந்த வீராங்கனை. வைத்தியம் பார்க்க வாளை எப்போது கீழே வைப்பது என்பதுதான் அதன் சூட்சுமம். இலோயிலோ நகரில் அவர்கள் ஆடும் கணினிக் கடையில் அது அவளுக்குத்தான் கைவந்திருந்தது.

ஆனாலும் அன்றைக்கு, அரக்கன் விழப்போகும் நேரத்தில், பக்கத்து இருக்கையிலிருந்து நெல்மார், "உயிர் போகுதுடி, காப்பாத்து!" என்று கத்தியபோது, கடைசி வெட்டு தன்னுடையதாக இருக்கட்டும் என்று வாளையே வீசினாள். அரக்கனோடு திரையில் நெல்மாரின் வீரனும் செத்து விழுந்தான்.

"பரவால்ல விடு, பேரு வாங்கிட்டேல்ல," என்று சிரித்துக்கொண்டே போனான் அவன். அந்த வாரமே டெங்கு அவனைக் கொண்டுபோய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மீதி நால்வரும் ஆட உட்கார்ந்தார்கள். திரையோரத்தில் ஆளுக்கொரு பச்சை உயிர்க்கோடு. அன்று ஐந்து இருந்தன. ஐந்தாவதற்குப் பெயரில்லை, அது மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. ஜோவெலின் வாளைத் தொடவில்லை. அதற்கே வைத்தியம் பார்த்தாள்.

"யாருக்குடி பண்றே? நாங்க மூணு பேரும் நல்லாத்தானே இருக்கோம்?" என்றான் ஆர்னெல்.

அவள் வைத்தியப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். கோடு நிரம்பியது, மறுபடி குறைந்தது.

அரக்கன் விழுந்தான். மற்றவர்கள் கணினியை அணைத்துவிட்டு பாச்சோய் சூப் குடிக்கப் போனார்கள். அவர்களுடைய கோடுகள் மறைந்தன. சண்டையே இல்லாத திரையில் அந்தக் கோடு இன்னும் குறைந்துகொண்டிருந்தது. விரலை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.