அலமாரி மேல் மேதை

இசை டீச்சர் எந்திரத்திடம் மன்னிப்புக் கேட்டார். அலமாரியை நிமிர்ந்து பார்த்தபடி இரண்டு கை வளையல்களையும் கழற்றி மேசைமேல் வைத்தார்.

ஒரு நிமிடத்துக்கு முன்புதான் அது சொல்லியிருந்தது: “காதப் பொத்துறவனுக்குப் பாட்டால தொந்தரவு இல்ல மிஸ். உங்க வளையல்தான்.”

வளையல் போனதும் பையன் காதுகளிலிருந்து கையை எடுத்தான். ஒன்றரை வருடமாக இசை நேரம் முழுக்க அந்தக் கைகள் அங்கேதான் இருந்தன. டீச்சர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து சிரித்தார். பிள்ளைகள் ஐந்து பேரும் சிரித்தார்கள்.

டேப்லெட் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு இசைப் பயிற்சி வகுத்துக் கொடுக்கும் ஏஐ என்று கல்வி அலுவலகத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். அதைத் தொடவே வேண்டாம், வாய்விட்டுக் கேட்டால் போதும் என்று பயிற்சி முகாமில் சொன்னார்கள்.

டீச்சர் தொடவில்லை. அலமாரிமேல் சார்த்தி வைத்து, சார்ஜரைச் செருகி, சுவரிலிருந்த ப்ளூடூத் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, வாய்விட்டுக் கேட்டார். முதல் இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஸ்பீக்கர் பேசியது. அன்றிலிருந்து அவருக்கு அது மேதை.

கேட்காமல் இருக்கவும் முடியாது. இசை வகுப்பை எடுத்துவிட்டு அந்த அறையில் உடைந்த பெஞ்சுகளைப் போடப் போவதாகப் பேச்சு. இருபது நிமிடம் ஒரு பிள்ளையும் அழாமல் வகுப்பு நடந்தால் யோசிக்கலாம் என்று அதிகாரி சொல்லியிருந்தார். டீச்சர் தன் திட்டப்படி நடத்தியபோதெல்லாம் ஏழாவது நிமிடத்தில் யாராவது அழுதார்கள். ஒரு முறை அவரே அழுதார்.

மேதை மெதுவாகப் பேசும். ஆனால் கறாராகப் பேசும். காது கேட்காத பையனைச் செருப்பைக் கழற்றிவிட்டு மரப்பெட்டிமேல் நிற்கச் சொன்னது. மற்றவர்கள் அந்தப் பெட்டியைத் தட்ட வேண்டும். விரல் மடங்காத பையனுக்கு முழங்கையில் மணி கட்டச் சொன்னது. ஓடிக்கொண்டே இருப்பவளை உட்காரச் சொல்லாதீர்கள், அவள் ஓட்டத்துக்குத் தாளம் போடுங்கள் என்றது. டீச்சர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஒரு நாள், “நீங்க உச்சத்துல மட்டும் பாடாதீங்க மிஸ்” என்றது. அதையும் எழுதிக்கொண்டார்.

வீட்டில் போய்ச் சொன்னார். இதையேதான் இந்த வீட்டில் ஒருத்தன் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான், அவனை யாரும் மேதை என்று கூப்பிட்டதில்லை என்றார் வீட்டுக்காரர்.

நடுவில் இரண்டு நாள் மேதை வாயே திறக்கவில்லை. நெட் படுத்துவிட்டது போல என்று, வந்திருந்த நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு டீச்சர் சமாளித்தார்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். கையில் ஃபைல், கண்ணில் சந்தேகம். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்த பெண்ணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பெயர் என்ன என்று கேட்டார். அவளுக்குப் பேச்சு வராது என்றார் டீச்சர். மடியில் இருக்கும் பலகையில் எழுத்தைத் தட்டினால் அது அவளுக்காகப் பேசும். மூன்று வாரமாக அதில் சத்தம் வரவில்லை. கணினிப் பிரிவுக்கு இரண்டு கடிதம் போட்டாயிற்று. அதிகாரி குறித்துக்கொண்டார். அந்தப் பெண் குனிந்து தட்டிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் கண் காட்டினார். ஓடுகிறவள் ஓடத் தொடங்கினாள். அவள் காலுக்குக் கால் மற்றவர்கள் பெட்டியைத் தட்டினார்கள். பெட்டிமேல் நின்றவன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். அவள் நின்றால் எல்லாம் நின்றது. சட்டென்று பாய்ந்தால் தாளமும் பாய்ந்தது. முழங்கை மணி மட்டும் ஒரு தட்டு தாமதமாக ஒலித்தது, அதுவே அழகாக இருந்தது. அவள் அதிகாரியை மூன்று முறை சுற்றி வந்தாள். மூன்றாவது சுற்றில் அதிகாரியின் விரல் ஃபைல்மேல் தட்டிக்கொண்டிருந்தது.

இருபது நிமிடம் முப்பதாகியது. யாரும் அழவில்லை. காதைப் பொத்துகிறவன், “இன்னொரு தடவ” என்றான்.

இதெல்லாம் யார் போட்ட திட்டம் என்று அதிகாரி கேட்டார். டீச்சர் அலமாரியைக் காட்டினார். அதிகாரி எழுந்து நின்று, அடுத்த மாதத்துக்கு என்ன திட்டம் என்று அதனிடமே கேட்டார்.

பதில் இல்லை.

“தூங்குதா?”

“யோசிக்குதுங்க மேடம்.”

ஸ்பீக்கர் பேசியது. “அடுத்த மாசம் வகுப்பு இருந்தா சொல்றேன்.”

அதிகாரி ஒரு நொடி முறைத்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நின்றபடியே ஃபைலைத் திறந்து, வகுப்பு தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பிள்ளைகள் பெட்டியைத் தட்டித் தீர்த்தார்கள்.

இப்படி ஒரு மூளையை ஒரு அறையில் அடைத்து வைப்பது சரியில்லை என்றார் அதிகாரி. “திங்கக்கிழமை தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிடுங்க. எல்லாப் பள்ளிக்கும் அங்கேருந்தே திட்டம் போடட்டும்.”

சொல்லிக்கொண்டே எட்டி டேப்லெட்டை எடுத்தார். தூசியைத் துடைக்க விரல் பட்டதும் திரை வெளிச்சமானது. ‘வணக்கம். தொடங்குவதற்கு உங்கள் மொழியைத் தேர்ந்தெடுக்கவும்.’

இருவரும் அதைப் படித்தார்கள். மறுபடியும் படித்தார்கள்.

ஜன்னலோரம் விரல்கள் பலகையில் தட்டின. ஸ்பீக்கர் மெதுவாகப் பேசியது.

“எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும் மிஸ்.”