வளைகாப்பு வீடியோ

"பையன் வயித்துல இருந்தப்போ உங்களுக்குக் காய்ச்சல் ஏதும் வந்துச்சாம்மா?" என்று மனநல மருத்துவர் கேட்டார். நிரஞ்சனுக்கு யாரும் பேசாத குரல்கள் கேட்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. "இல்லை" என்றாள் அவன் அம்மா தாமரைச்செல்வி.

வீட்டுக்கு வந்ததும் வளைகாப்பு வீடியோவைப் போட்டாள். பேச்சையெல்லாம் எடுத்துவிட்டு நாதஸ்வரம் மட்டும் சேர்த்திருந்தார்கள். அவள் கன்னத்துச் சந்தனம் பூசியதுமே காய்ந்து உதிர்ந்தது. நாத்தனார் வெடுக்கென்று கையை எடுத்து ஏதோ கேட்டாள். இவள் சிரித்தபடி பதில் சொன்னாள்.

பின்னால் நின்றிருந்த நிரஞ்சன் சொன்னான்: "உடம்பு கொதிக்குதேன்னு அத்தை கேக்குறாங்க. எல்லாரும் வந்துட்டாங்க, வெளிய சொல்லிடாதீங்க அண்ணின்னு நீ சொல்ற."

அன்று சொன்னது அதேதான். தாமரைச்செல்வி நாதஸ்வரத்தின் சத்தத்தை முழுதாகக் குறைத்தாள்.

"அப்புறம்?" என்று கேட்டாள்.